காத்தூன் பீவியின் டெஸ்டிங் மேஜை

ரஷீதுக்கு பெயின்ட் மிச்சமானால் வீட்டுக்குத்தான் ஆபத்து. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு பெயின்ட் அடிக்கிற மனிதர் அவர். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுகள் எல்லாம் கரையோரம் வரிசைகட்டி நிற்கும். ஜூன் நடுவில் மறுபடி கடலுக்குக் கிளம்புவதற்குள் அத்தனை படகுக்கும் புதுச்சட்டை போட்டாக வேண்டும். அந்த இரண்டு மாதமும் சாயங்காலமானால் ரஷீதின் கையில் ஒரு டப்பா தொங்கிக்கொண்டு வரும். அடியில் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும். அதைக் கொட்ட அவருக்கு மனசு வராது. இப்படியே கல்மண்டபத்துச் சந்தில் அவர்கள் குடியிருந்த மாடி வீட்டில் ஜன்னல் கம்பி, தண்ணீர் டிரம், அரிசி டின், கேஸ் அடுப்பின் கால், குளியலறைக் கதவு எல்லாம் படகு நீலத்துக்கு மாறிவிட்டன. மகள் அனம் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய டிபன் பாக்ஸ்கூடத் தப்பவில்லை.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பக்கத்து உப்புக்காற்று எந்த உலோகத்தையும் சும்மா விடாது. புதுப் பூட்டு ஒரு மழைக்காலம் தாண்டினால் சாவியோடு சண்டை போடும். "பட்டி பாத்து ரெண்டு கோட்டிங் குடுத்துட்டா போதும், அப்பாலிக்கா கடல்லயே போட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்பார். குழி விழுந்த இடங்களை நிரப்பிச் சமமாக்க வைக்கிற பசைக்குத்தான் பட்டி என்று பெயர். பட்டி பார்க்காமல் பெயின்ட் அடிப்பவனை ரஷீது பெயின்டர் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். அவர் மனைவி காத்தூன் பீவி கல்யாணமான நாளிலிருந்து இந்த நீலத்தை எல்லாம் சிரித்துக்கொண்டே சகித்து வந்தாள். அவளைக் கண் கலங்க வைத்தது ஒரே ஒரு பெட்டிதான்.

காத்தூன் பீவி திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். ஸ்டெபிலைசரும் பேட்டரி சார்ஜரும் செய்கிற கம்பெனி. அனம் கைக்குழந்தையாக இருந்தபோது சேர்ந்தவள், இருபது வருஷத்துக்கு மேல் லைனில் உட்கார்ந்து, ஈயத்தை உருக்கி வயர் ஒட்டுகிற சால்ட்ரிங் வேலை பார்த்தாள். ஈயம் எங்கே சொட்ட வேண்டுமோ அங்கே மட்டும் சொட்டும். லைன் முடிகிற இடத்தில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் டெஸ்டிங். அங்கே ஒரு நீள மேஜை, மேஜை நடுவில் ஒரு பவர் சப்ளை. சுவர் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, ஆறு வோல்ட்டா, பன்னிரண்டா, இருபத்துநாலா, கேட்டதை மட்டும் அளந்து கொடுக்கிற பெட்டி அது. முகத்தில் இரண்டு மீட்டர், இரண்டு திருகு, சிவப்பிலும் கறுப்பிலும் இரண்டு முனை. திருகைத் திருப்பினால் மீட்டரில் முள் எழுந்து நடக்கும். லைனில் இருந்தபடி அந்த முள்ளைத்தான் காத்தூன் பார்த்துக்கொண்டிருப்பாள். தான் வைத்த ஈயம் உயிரோடு இருக்கிறதா செத்துப் போயிற்றா என்று அந்த முள்தானே சொல்ல வேண்டும்?

ட்ரேயை எடுத்துக்கொண்டு டெஸ்டிங்குக்குப் போகிறபோதெல்லாம் அவள் கை தன்னையறியாமல் திருகுப் பக்கம் போகும். "கை வைக்காதீங்கம்மா" என்பார் இன்ஜினியர் குமாரவேல். நல்ல மனிதர்தான். நோன்பு மாதத்தில் லைன் பெண்களை நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பி வைப்பவர், யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனவர். கம்பெனி ரூல் அப்படி, லைன் ஆட்கள் டெஸ்டிங் சாமானைத் தொடக்கூடாது. ஒருநாள் துணிந்து கேட்டும் பார்த்தாள்: "சார், ஒரே ஒரு தபா நான் திருப்பிப் பாக்கட்டுமா?" அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார், ரூலைச் சொன்னார். காத்தூன் சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்து தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆசை என்றாலே நகையும் புடவையும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இது விளங்காது. அவளுக்கு அந்தத் திருகைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அது தீரவே இல்லை.

பிறகு கம்பெனி ஸ்ரீபெரும்புதூருக்கு இடம் மாறியது. அவ்வளவு தூரம் பஸ் பிடித்துப் போய்வர அவள் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டிலேயே மாடிப்படி ஓரம் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு, சந்தில் கெட்டுப்போகிற கொசு பேட், எமர்ஜென்சி லைட், டார்ச் எல்லாம் பார்க்கத் தொடங்கினாள். பார்த்ததைச் சரிபார்க்க பன்னிரண்டு வோல்ட் வேண்டாமா? அதற்கு ரஷீதின் வண்டி பேட்டரியைக் கழற்றுவாள். மாட்ட மறந்துவிடுவாள். காலையில் ரஷீது வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்து, வியர்த்துப்போய் மாடி ஏறி வருவார். "இன்னா காத்தூன், இன்னிக்கும் என் வண்டிக்கு உசுரு இல்லையே?" என்பார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு மேஜைக்கு அடியிலிருந்து பேட்டரியை எடுத்துக் கொடுப்பாள்.

காலடிப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடையில்தான் அந்தப் பெட்டியை மறுபடி பார்த்தாள். தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிற வழி. ஓட்டை ஃபேன்களுக்கும் துருப்பிடித்த கிரில்லுக்கும் நடுவில் கவிழ்ந்து கிடந்தது. பவர் சப்ளைகள் எல்லாம் ஒரே சாயல்தான் என்றாலும், இதன் மீட்டர் கண்ணாடியில் பன்னிரண்டு வோல்ட் வருகிற இடத்தில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு இருந்தது. லைனில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கன்னியம்மாவிடம் பாட்டிலை வாங்கி குமாரவேல் சார் வைத்த பொட்டு அது. இருபது வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்ததை இப்போது குனிந்து தொட்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை.

கடைக்காரர் உள்ளே இருக்கிற தாமிரக் கம்பிக்காக அதை உடைக்கத்தான் வைத்திருந்தார். "ஒடைக்காதீங்க பாய், நாளைக்கு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள், மறுநாள் ரஷீதையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் செத்துக் கிடந்த மிக்ஸி மோட்டார்கள், ஒரு பழைய டேபிள் ஃபேன், ரஷீதின் காலி டப்பாக்கள் எல்லாம் தராசின் ஒரு தட்டில் ஏறின. இன்னொரு தட்டில் பெட்டி. எடைக்கு எடை சரியாக வருமா என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் குறைந்தது. ரஷீது கையிலிருந்த தூக்குச்சட்டியையும் வைத்துவிட்டார். ஷேர் ஆட்டோவில் அவள் மடியில் அதை வைத்துக்கொண்டு வந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா, "இன்னாம்மா, தையல் மிஷினா?" என்று கேட்டாள். காத்தூன் பீவி ஆமாம் என்று சொல்லி வைத்தாள்.

பெட்டி வந்த செய்தி எப்படியோ ஜெரி காதுக்குப் போயிற்று. ஜெரி கோயில் தெருப் பையன், துறைமுகத்தில் படகுகளுக்கு வயரிங் போடுகிறவன். நல்ல வேலைக்காரன், ஆனால் வயர்லெஸ் செட்டைத் திறந்து பார்க்கத் தெரியாது. கடலில் ஒரு படகு இன்னொரு படகோடு பேசுகிற கருவி அது, அதில்லாமல் ஆழத்துக்குப் போகிறவனுக்கு வாயும் இல்லை காதும் இல்லை. அதுவரை செட்டு பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் குவைத்துக்கு விமானம் ஏறிவிட்டான். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போக வேண்டிய படகுகளின் செட்டுகள் ஜெரியின் வீட்டில் குவிந்து கிடந்தன.

"அக்கா, உன் கைவேலை எனக்குத் தெரியும். ஆனா ஓனருங்கோ ஒத்துக்கணுமே" என்றான் ஜெரி. "டெஸ்ட் பண்ற மிஷின் வெச்சி, என் கண்ணு எதிர்ல ஓட்டிக் காட்டு. ஒரு டீ குடிச்சி முடிக்கிற வரைக்கும் அசையாம ஓடிச்சின்னா போதும். தடை முடியறதுக்குள்ள இத்தினி செட்டும் உன்னாண்டதான்."

கொசு பேட் பார்க்கிற மேஜை டெஸ்டிங் மேஜை ஆகிவிடும். அதற்கு இந்தப் பெட்டி எழுந்து நிற்க வேண்டும். எழாவிட்டால் ஜெரி செட்டுகளை மூட்டை கட்டி வேறு ஊருக்கு அனுப்பிவிடுவான். அதற்கப்புறம் துறைமுகத்தில் யாரும் அவளைத் தேடி வரப்போவதில்லை.

மூடியைக் கழற்றினாள். உள்ளே பல்லி முட்டை ஓடு, எலி கடித்த வயர், விரல் தடிமனுக்குத் தூசி. பிரஷும் பெட்ரோலும் வைத்து ஒவ்வொரு மூலையாகத் துடைத்தாள். வீங்கிப் போயிருந்த கண்டன்சர்களை எடுத்துவிட்டு ரிச்சி தெருவில் வாங்கி வந்த புதுசுகளை வைத்தாள். திருகுகள் கரகரவென்று இருந்தன, எண்ணெய் ஊற்றித் திருப்பித் திருப்பி வழிக்குக் கொண்டுவந்தாள். முள் ஒன்று ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மூச்சை அடக்கிக்கொண்டு ஊசியால் விடுவித்தாள். பெட்டியின் முதுகில் சீப்பு மாதிரி பல் பல்லாக ஒரு அலுமினியப் பாளம். மொத்த மின்சாரத்தையும் சுமந்து சூடாகிற பெரிய டிரான்சிஸ்டர் அதன்மேல்தான் உட்காரும். சூட்டை அந்தப் பாளம் இழுத்துப் பல் வழியாகக் காற்றில் விட்டுவிடும். பாளம் உப்பில் அரித்து அம்மை விழுந்த முகமாக இருந்தது, கறுப்புச் சாயம் திட்டுத் திட்டாகப் போயிருந்தது. டிரான்சிஸ்டரை எடுத்து ஒரு கிண்ணத்தில் பத்திரப்படுத்தினாள். பாளத்தையும் மேல் மூடியையும் கழுவி மொட்டை மாடியில் காய வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மணலி புதுநகரிலிருந்து அனம் போன் செய்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், துணைக்கு ஆளில்லை. பேத்தி முக்கியமா பெட்டி முக்கியமா என்று யோசிக்கிற ஆள் இல்லை காத்தூன். அப்படியே துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டு இவள் திரும்பி வந்தபோது மேஜைமேல் ஒரு மணமகள் உட்கார்ந்திருந்தாள். மூடி நீலம், பாளம் நீலம், ஒவ்வொரு பல்லும் நீலம். ஒரு தூரிகைக் கோடு தெரியவில்லை. புதுப் படகின் மூக்கு மாதிரி பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ரஷீது, சம்பந்தி வீட்டாரை எதிர்பார்க்கிற மாதிரி தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

"எப்டி கீது?"

"ஷோக்கா கீதுங்க" என்றாள். மெய்யாலுமே அழகாக இருந்தது. எரிகிற வெயிலில் நாள் முழுக்கப் படகில் தொங்கிவிட்டு வந்து, இதற்காக மறுபடி தூரிகையைப் பிடித்திருக்கிறாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பாளத்தில் முன்பு கறுப்பு இருந்தது, இப்போது நீலம் இருக்கிறது, அதனால் என்ன என்று எடுத்துக்கொண்டாள். டிரான்சிஸ்டருக்கு அடியில் மைக்கா தகட்டை வைத்து, சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசை தடவி, திருகாணிகளை இறுக்கினாள்.

முதல் முறையாகக் கரண்ட் கொடுப்பதற்கு சீரிஸ் பல்பு மாட்டினாள். ரிப்பேர்க்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். பழைய குண்டு பல்பு ஒன்று வழியில் நிற்கும், பெட்டிக்குள் எங்கேயாவது கோளாறு என்றால் பல்பு முழு வெளிச்சம் காட்டிவிடும். சுவிட்சைப் போட்டாள். பல்பு ஒரு கணம் முழித்துப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. நல்ல சகுனம். பல்பை எடுத்துவிட்டு நேரே கொடுத்தாள். பிறகு இரண்டு விரலால் திருகைப் பிடித்துத் திருப்பினாள்.

முள் எழுந்து நடந்தது. மூன்று, ஆறு, ஒன்பது, சிவப்புப் பொட்டு. இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள். ஒரு சின்ன எல்இடி விளக்கைக் கொடுத்துப் பார்த்தாள், எரிந்தது. ரஷீது டீ கொண்டுவந்து வைத்ததும் தெரியவில்லை, அது ஆடை கட்டியதும் தெரியவில்லை. அவள் சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு ஜெரி வந்தான். கையில் ஒரு வயர்லெஸ் செட்டு. ரஷீதும் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. நல்லவேளை, காத்தூன் செட்டை உடனே மாட்டவில்லை. கம்பெனியில் பார்த்த வழக்கம், முதலில் ஒரு பல்பை ஓட்டித்தான் காட்டுவார்கள். படகில் போடுகிற பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றை மாட்டினாள். முள்ளைப் பொட்டில் நிறுத்தினாள். பல்பு கம்பீரமாக எரிந்தது.

"ஷோக்காதான் கீது பாய்" என்று ஜெரி டீயை ஒரு வாய் குடித்தான். இரண்டாவது வாய் குடிப்பதற்குள் பெட்டியின் முதுகிலிருந்து ஒரு வாடை வந்தது. முள் பொட்டை விட்டு ஒரே தாவலில் கடைசிக்குப் போய் முட்டியது. பல்பு கண்ணைக் குருடாக்குகிற மாதிரி ஒரு வெள்ளை காட்டிவிட்டு டப்பென்று வெடித்தது.

ஜெரி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தான். மடியில் இருந்த செட்டைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டான்.

"அக்கா, இது மாட்டியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. "இன்னொரு தபா பாக்கறேன் ஜெரி. வர ஞாயித்துக்கெழம வா" என்றாள். அவன் தலையைச் சொறிந்தான். அதற்கடுத்து படகுகள் கிளம்பிவிடும், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, செட்டோடு படி இறங்கினான்.

காத்தூனுக்குத் தன் வேலைமேல் சந்தேகம் வரவில்லை. டிரான்சிஸ்டர்தான் செத்திருந்தது, அது பழசு, செத்தால் சாகட்டும். ரிச்சி தெருவுக்குப் போய்ப் புதுசு வாங்கி வந்தாள். மாட்டினாள், பல்பைக் கொடுத்தாள். அதுவும் கொஞ்ச நேரத்தில் போயிற்று. அவ்வளவுதான், அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. மறுபடி பஸ் ஏறிப் போய் கடைக்காரரை ஒரு பிடி பிடித்தாள். "டூப்ளிகேட்ட தலையில கட்டிட்டியா நைனா? என்னைப் பாத்தா உனக்கு எப்டி கீது?" கடைக்காரர் வயசானவர், பொறுமையாக டிரான்சிஸ்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரக்கு ஒரிஜினல்தாம்மா. இது சூட்டுல செத்திருக்குது. சூடு எங்க போவுதுன்னு பாருங்க" என்று இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அதையும் மாட்டினாள். இந்தத் தடவை பல்பு எரியத் தொடங்கிக் கொஞ்சத்துக்கெல்லாம் சுவிட்சை அணைத்துவிட்டு, பெட்டியின் முதுகைத் திருப்பினாள். டிரான்சிஸ்டர்மேல் விரலை வைத்தவள் 'ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டாள், கொதித்தது. உடனே பாளத்தின்மேல் உள்ளங்கையை முழுசாக வைத்தாள். ஜில்லென்று இருந்தது. ஒரு விரல்கடை தூரத்தில் அடுப்பு, இங்கே மண்பானை. சூடு தாண்டவே இல்லை.

டிரான்சிஸ்டரைக் கழற்றி, அது உட்கார்ந்திருந்த இடத்தை பிளேடால் சுரண்டினாள். நீலம் வந்தது. அதற்கடியில் இன்னொரு நீலம். அதற்கும் அடியில் சாம்பல் நிறத்தில், கெட்டியாக, மொழுமொழுவென்று பட்டி. அரித்த குழி ஒன்று விடாமல் நிரப்பி, தேய்த்து, கண்ணாடி மாதிரி சமமாக்கி வைத்திருந்தார் மனிதர். திருகாணி ஓட்டைகளை மட்டும் ஆணி வைத்து ஒழுங்காகத் திறந்து விட்டிருந்தார். டிரான்சிஸ்டருக்கும் பாளத்துக்கும் நடுவில் ஒரு மெத்தையே போட்டிருந்தார். பழைய கறுப்பு நிறம் பெயின்டே அல்ல, அலுமினியத்தின் தோலோடு தோலாக ஏற்றிய சாயம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கம்பெனியில் இருபது வருஷமும் தூரத்திலிருந்து பார்த்தது கறுப்பைத்தானே, தொட்டுப் பார்க்க யார் விட்டார்கள்? அங்கேதான் அவளுக்குக் கண் கலங்கியது. அவர்மேல் கோபம் வந்தது, தன்மேலும் வந்தது. இவ்வளவு அக்கறையாகச் செய்ததைப் போய்க் குற்றம் என்று எப்படிச் சொல்வது என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பேஜாராக இருந்தது.

சொல்ல வேண்டிய வேலையை பிளேடே முடித்துவிட்டது. சாயங்காலம் டப்பாவோடு படியேறி வந்த ரஷீது, மேஜைமேல் நீலச் சுருள்களைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"நான்தானா?"

"அந்த எடத்துல பட்டி வெச்சிட்டீங்க. சூடு தாண்டல."

அவர் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் நீல விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஜெரி எதிர்ல உன்ன அசிங்கப்படுத்திட்டேன் காத்தூன்" என்றார்.

"நீங்க பட்டி வெச்சீங்க, நான் பாக்காம அதும்மேல ஒக்கார வெச்சேன். ஆளுக்குப் பாதி. எழுந்திரிங்க, உப்புத்தாள் எடுத்துகினு வாங்க."

உப்புத்தாள் என்றதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. அது அவர் ராஜ்யம். பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் முரட்டுத் தாள், அப்புறம் நைஸ் தாள் என்று தேய்க்கத் தொடங்கினார். டிரான்சிஸ்டர் உட்காருகிற வட்டத்தில் மட்டும் வெள்ளை அலுமினியம் மெல்ல மெல்லக் கண் திறந்தது. தேய்க்கிற கை தேய்த்தாலும் அவர் மனசு ஆறவில்லை.

"இப்டி அம்மணமா வுட்டா உப்பு அரிச்சிடுமே. இந்தக் குழிங்க வேற அப்டியே கீதே?"

காத்தூன் வெள்ளைப் பசை டியூபை எடுத்துக் காட்டினாள். "குழிய இது நெரப்பிடும். சூட்ட வுடும், உப்ப வுடாது."

அவர் டியூபை வாங்கி, ஒரு துளியை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். "அப்ப இதுவும் பட்டிதான்னு சொல்லு!" என்றார் வெற்றி கண்டவர் போல.

"ஆமாங்க, இதுவும் பட்டிதான்" என்று அவள் சிரித்தாள். அந்த வட்டத்தில் பசையைத் தடவுகிற வேலையை அவரிடமே கொடுத்தாள். அவர் அதை எவ்வளவு மெல்லிசாக, எவ்வளவு ஒழுங்காகத் தடவினார் என்றால், அவளே வாயடைத்துப் போனாள். மற்ற இடத்து நீலத்தைச் சுரண்டவில்லை. காற்றுப் படுகிற பல்லில் மெல்லிசான பெயின்ட் இருந்தால் பெரிய மோசம் இல்லை, அது அழகாகவும் இருந்தது.

பல்பைக் கொடுத்தாள். பாளத்தின்மேல் இருவரும் ஆளுக்கொரு உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வெதுவெதுப்பு ஏறியது, அப்புறம் நல்ல சூடு. "வருது, வருது" என்றார் ரஷீது. பல்பு அசையாமல் எரிந்தது. அவள் வேண்டுமென்றே சமையலறைக்குப் போய்க் குழம்பைக் கூட்டிவிட்டு வந்தாள். அப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெரி அரை மனசோடுதான் வந்தான். செட்டைத் தானாக மேஜைமேல் வைக்கவில்லை. பல்பு எரிகிறதைப் பார்த்துக்கொண்டே ஒரு டீ குடித்தான், சந்தேகம் தீராமல் இன்னொரு டீ கேட்டான். இரண்டாவது டம்ளர் காலியான பிறகு செட்டை அவள் பக்கம் நகர்த்தினான். காத்தூன் பல்பைக் கழற்றி, முனைகளை இரண்டு தடவை சரிபார்த்து, செட்டை மாட்டினாள். முள்ளைப் பொட்டில் நிறுத்தினாள். செட்டில் சின்ன விளக்கு எரிந்தது, ஆனால் பேச்சு மூச்சில்லை.

மூடியைத் திறந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து தேடினாள். ஸ்பீக்கர் வயர் ஒட்டியிருந்த இடத்தில் உப்புப் பூத்து ஈயம் விட்டுப் போயிருந்தது. சால்ட்ரிங் அயனை எடுத்து ஒரு சொட்டு வைத்தாள். உஸ்ஸென்ற இரைச்சல் கிளம்பியது, அதற்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் வந்தது. தடைக்காலத்திலும் பக்கத்துக் கடலுக்குப் போய்வருகிற ஃபைபர் படகுக்காரர் யாரோ, எண்ணூர் பக்கம் இருந்து இன்னொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் கெடைக்கல மாமு, கலீஜ்தான் மாட்டுது, கரைக்கு வந்துகினு கீறேன்."

மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜெரி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, மத்தியானமே மத்த செட்டை எல்லாம் எடுத்துகினு வரேன். எடம் பண்ணி வெய்யி" என்று சொல்லிவிட்டு, இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான்.

காத்தூன் மேஜையில் இடம் பண்ணினாள். கொசு பேட்டுகள் கீழே போயின. பவர் சப்ளை நடுவில் வந்தது. கம்பெனியில் எப்படி இருந்ததோ அப்படியே வைத்துவிட்டு ஒரு எட்டுப் பின்னால் போய் நின்று பார்த்தாள். ரஷீது பக்கத்தில் வந்து நின்றார். கொஞ்சம் தயங்கினார். பிறகு, "நான் ஒரே ஒரு தபா திருப்பிப் பாக்கட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார்.

"கை வெக்காதீங்க!"

வெடுக்கென்று வந்துவிட்டது. அவர் கையை இழுத்துக்கொண்டார். கோபித்துக்கொள்ளவில்லை, சரி என்று தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டல் காத்தூனுக்குத் தெரியும். ட்ரேயைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை தடவை அவளே அப்படி ஆட்டியிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

"இன்னாங்க, இங்க வாங்க" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். நகக்கண்ணில் நீலம் ஏறிய அந்த இரண்டு விரலையும் எடுத்துத் திருகின்மேல் வைத்தாள். "மெதுவா. பொட்டு வர வரைக்கும்."

ரஷீது உதட்டைக் கடித்துக்கொண்டு திருப்பினார். முள் எழுந்து நடந்தது. பொட்டில் வந்து நின்றதும் அவர் திரும்பி அவளைப் பார்த்தார், அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னொரு தபா?" என்றார்.

"எத்தினி தபா வேணும்னாலும்" என்றாள் காத்தூன் பீவி.